ரேடியோ நெல் கற்பிக்கும் பாடம்

ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். இதுவே செய்தித் தொடர்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன என்பதைத் தஞ்சை வயல்களைக் கொண்டே விளக்கலாம்.

1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கிய இந்த ரகம் குறுவைப் பட்டத்துக்கு ஏற்றதாக இருந்தது. திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை இல்ல ஒலிபரப்பு இதைப் பற்றி விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. அவர்களும் இதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! செய்தியைக் கொண்டுவந்த கருவியின் பெயரே பயிருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வானொலி பேசியதாலேயே வயல் மாறியது என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே என் கருத்து.

1948-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் செய்தித் தொடர்பை ஒரு படமாக வரைந்து காட்டினார். அனுப்புவோர் செய்தியைக் குறியீடாக மாற்றுகிறார். அது ஒரு வழியாகச் செல்கிறது. வழியில் இரைச்சல் கலக்கிறது. பெறுவோர் குறியீட்டை மீண்டும் செய்தியாக்குகிறார். தொலைபேசிக்கு இந்தப் படம் மிகவும் பொருந்தும். ஆனால் செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லை என்று ஷானனே எழுதியிருக்கிறார். மனிதர்களுக்கோ பொருள்தான் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு. "ஹெக்டேருக்கு 150 கிலோ உரம் இடுக" என்று அறிவிப்பாளர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒலி தெளிவாகவே கேட்கிறது. இரைச்சல் சிறிதும் இல்லை. ஆனால் டெல்டா விவசாயி தம் நிலத்தை மாக் கணக்கில் அளக்கிறார். மூன்று மா ஓர் ஏக்கர். ஏறத்தாழ ஏழரை மா ஒரு ஹெக்டேர். ஆகவே மாவுக்கு 20 கிலோ என்று சொன்னால்தான் செய்தி அவரிடம் போய்ச் சேரும். இல்லாவிட்டால் உரம் கூடும் அல்லது குறையும், நட்டம் அவருடையது. சொன்னவருக்கோ தவறு நடந்ததே தெரியாது.

தவறு தெரிய வேண்டுமானால் கேட்டவர் திருப்பிப் பேச வேண்டும். இதைத்தான் மறுமொழி என்கிறோம். இதன் வலிமையை 1956-ல் பூனா வட்டாரத்தில் நடந்த ஒரு சோதனை காட்டியது. யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி 150 கிராமங்களில் கேட்போர் குழுக்களை அமைத்தது. குழுவினர் நிகழ்ச்சியைக் கேட்டார்கள், கூடி விவாதித்தார்கள், ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். வானொலிப் பெட்டி மட்டும் இருந்து, குழு இல்லாத கிராமங்களைவிட இவர்கள் மிகுதியாகக் கற்றுக்கொண்டார்கள் என்பது ஆய்வில் தெரிந்தது. பெட்டி ஒன்றுதான், விவாதமும் கேள்வியும் சேர்ந்தபோது பயன் பெருகியது.

தஞ்சையிலும் வானொலி தனித்து நிற்கவில்லை. 1960-61-ல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன் ஆகியவற்றோடு, கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கிராம சேவகரும் இருந்தார். பக்கத்து வயலின் விளைச்சலைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. செய்தியை வானொலி கொண்டுவந்தது. நம்பிக்கையை மனிதர்கள் தந்தார்கள்.

இன்று அலைபேசி நொடியில் செய்தி தருகிறது. மழை எச்சரிக்கையும் பூச்சி மருந்தின் அளவும் குறுஞ்செய்தியாக வருகின்றன. வேகம் கூடியது நல்லதே. ஆனால் பதில் கேட்க வழியில்லாத குறுஞ்செய்தி, பழைய ஒருவழி ஒலிபரப்புக்கு எந்த வகையிலும் மேலானதன்று. 2004-ல் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தில் விவசாயி தம் மொழியிலேயே கேள்வி கேட்கலாம். இத்தகைய இருவழி ஏற்பாடு ஒவ்வோர் அறிவிப்புடனும் இணைந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று எண்ணுவதோடு நிற்காமல், எத்தனை பேர் திருப்பிக் கேட்டார்கள் என்றும் எண்ண வேண்டும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டுக்கு வரும் வேளாண் செய்தியைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஹெக்டேரை மாவாகக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். பிறகு, "நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள், தாத்தா" என்று கேளுங்கள். அவர் சொல்வது செய்தியோடு பொருந்தினால் உங்கள் வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால், எந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்து, அதை மாற்றி மறுபடியும் சொல்லுங்கள்.