புற்றுநோயாளியின் 'வாழ்க்கைத் தரம்' எப்படி அளக்கப்படுகிறது? புழல் - அடையாறு அலைச்சல் அந்தக் கணக்கில் வருமா?

கட்டி சுருங்கிவிட்டது என்கிறது ஸ்கேன். ஆனா சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. சிகிச்சை பலன் தந்ததா? இதை அளப்பதுதான் 'வாழ்க்கைத் தர' மதிப்பீடு.

எப்படி அளக்கிறாங்க?

உலகம் முழுக்கப் பயன்படுவது, 1993-ல் வெளியான ஐரோப்பியப் பட்டியல். மொத்தம் 30 கேள்விகள். போன வாரம் வலி இருந்ததா, பசி எடுத்ததா, பணக் கஷ்டம் வந்ததா என்று கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இந்திய நோயாளிகளுக்கென்றே தனிப் பட்டியல் உருவாக்கி, 2005-ல் ஆய்விதழில் வெளியிட்டது.

கேட்பதால் என்ன லாபம்?

நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. தொந்தரவுகளை அவ்வப்போது கணினி வழியாகச் சொல்லி வந்தவர்களின் இடைநிலை (median) ஆயுட்காலம் 31.2 மாதங்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 26 மாதங்கள். தொந்தரவு அதிகமானதுமே நர்ஸுக்குத் தகவல் போனது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இதுக்கு விலை போடுறது எப்படி?

முழு ஆரோக்கியத்துடன் ஓர் ஆண்டு வாழ்ந்தால் மதிப்பு 1. பாதி ஆரோக்கியத்துடன் 2 ஆண்டுகள் என்றாலும் 1 தான். அந்த 'ஒன்றை'ப் பெற ஒரு மருந்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அரசுகள் பார்க்கின்றன. இந்தியாவில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை இதைச் செய்கிறது. இதற்கான இந்திய மதிப்பெண்கள், 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் பேட்டி எடுத்து 2022-ல் வெளியிடப்பட்டன.

புழல்காரருக்கு என்ன சிக்கல்?

விலைக் கணக்குக்குக் கேட்பது 5 விஷயங்கள்தான்: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. பணம் பற்றிக் கேள்வியே இல்லை. ரேடியேஷன் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், அதுவும் பல வாரம். புழலில் இருந்து அடையாறு போக ஊரையே குறுக்கே கடக்கணும். முதலமைச்சர் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவைத் தரும். துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலி அதில் சேராது. நோயாளி தினமும் அனுபவிக்கும் கஷ்டம், மதிப்பெண்ணில் தெரியாமலே போகலாம்.

என்ன செய்யலாம்?

டாக்டர் கேட்டதும் 'பரவாயில்லை' என்று முடித்துவிட வேண்டாம். வலி, தூக்கம், சாப்பாடு, அலைச்சல், செலவு - வாரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதிக் காட்டுங்கள். நடக்க முடியாத நிலை என்றால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பு உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.