இன்ஜினை விடுங்க, அடியில பாருங்க

ஷெட்டுல ஒரு பழைய கார் நிக்குதுன்னு சொன்னா நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, "இன்ஜின் ஓடுமா?" மெக்கானிக்கல், சிவில், ஐடி, யாரா இருந்தாலும் இதே கேள்விதான். என்னைக் கேட்டா, கடைசியா கேட்க வேண்டிய கேள்வி அது.

பத்மினியோ அம்பாசடரோ, அந்தக் கால இன்ஜின்ல ரகசியம் எதுவும் இல்ல. ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் ஸ்பேனர் எட்டுற இடத்துல. ஜாம் ஆகி நின்னாலும் இறக்கி, ரீபோர் பண்ணி, பிஸ்டன் மாத்தி ஓட வச்சிடலாம். கதை முடியுற இடம் தகரம்.

இந்த ரெண்டு காருமே மோனோகாக். தனியா சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற படி, தரைத் தகரம், பின்னாடி லீஃப் ஸ்பிரிங் மாட்டுற இடம், இதெல்லாம் சேர்ந்துதான் வண்டியோட பாரத்தைத் தாங்குது. கதவுலயோ பானெட்லயோ ஓட்டை விழுந்தா டிங்கர் ஒட்டுப் போட்டுடுவார். படியில துரு ஏறினா அது ஸ்ட்ரக்சர் பிரச்சனை. இரும்பு துருவாகும்போது ரெண்டு மடங்குக்கும் மேல இடத்தை அடைக்கும். பெயிண்ட் கொப்புளமா எழும்புறது அதனாலதான். வெளிய காசு அளவு கொப்புளம் தெரிஞ்சா, அது உள்ள இருந்து ஆரம்பிச்சதுன்னு புரிஞ்சுக்கணும்.

அதனால ஆசைப்படறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணுங்க. முதல்ல, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சாதாரணக் காந்தம். பாடி முழுக்க வச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல இருக்கிறது தகரம் இல்ல, பட்டி. ரெண்டாவது, ஸ்க்ரூடிரைவர். மேட்டைத் தூக்கிட்டு தரையிலயும் படியோட அடியிலயும் அழுத்திக் குத்துங்க. உள்ள இறங்குச்சுன்னா அங்க இரும்பு மிச்சம் இல்ல. மூணாவது, ஜாக். இதை அனுபவமுள்ள டிங்கரை வச்சுத்தான் செய்யணும். வண்டியைத் தூக்கும்போது கதவு இடுக்கு மாறுதா, சாத்தின கதவு திறக்க மாட்டேங்குதான்னு பாருங்க. அப்படின்னா வண்டி நடுவுல வளையுது. அந்த வண்டிக்கு அடியில யாரும் தலையை நீட்டாதீங்க.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும் வேற கணக்கு. 1961ல இருந்து நம்ம வண்டலூர் பக்கத்துல தயாரான கார் அது. அதுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடியை அதுமேல போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. பாடி எவ்வளவு கெட்டிருந்தாலும் சேஸிஸ் நல்லா இருந்தா நம்பிக்கை இருக்கு. ஆனா பார்ட்ஸுக்கு அலையணும். அம்பாசடருக்கு அந்தக் கவலை குறைவு, 2014 வரைக்கும் உத்தர்பாராவுல அதைத் தயாரிச்சாங்க.

தகரம் பாஸ் ஆனா அடுத்து பேப்பர். ஆர்சி யார் பேர்ல இருக்கு, புதுப்பிச்சிருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் பணத்தை எடுக்கணும். 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜா பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அதை தினசரி ஓட்டக்கூடாது. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றமும் இருக்கக்கூடாது. "பாடி பழசு, இன்ஜின் மட்டும் மாருதியோடது போட்டுடலாம் மச்சி"ன்னு ஐடியா கொடுக்கிறவன்கிட்ட இதைச் சொல்லுங்க.

"அது தாத்தா கார்டா, கணக்குப் பார்க்கக் கூடாது"ன்னு சிலர் சொல்வாங்க. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். போட்ட பணம் விக்கும்போது திரும்பி வராதுன்னு தெரிஞ்சே போடறதுக்கு அந்தப் பாசம்தான் காரணமா இருக்க முடியும். எவ்வளவு இழக்கலாம்னு பாசம் முடிவு பண்ணட்டும். படி தாங்குமான்னு ஸ்க்ரூடிரைவர்தான் சொல்லணும். அந்தப் பணம் யாரோடதுன்னும் பாருங்க. கையில ஆஃபர் லெட்டர் மட்டும் வச்சுக்கிட்டு அப்பாவோட சேமிப்புல கை வைக்கிறது ரெஸ்டோரேஷன் இல்ல.

பழைய காரை அழிக்கிறது துரு மட்டும்னு நான் நினைக்கல. ஒரு லீவுல ஆர்வமா மொத்தமா கழட்டி, போல்ட்டை எல்லாம் டப்பாவுல போட்டு, செமஸ்டர் ஆரம்பிச்சதும் மறந்துடறோம் பாருங்க, அதுவும்தான். கழட்டாம நின்ன வண்டியைக் கூட ஒருத்தர் வாங்குவார். பாதி கழட்டின வண்டியைக் காயலான் கடைக்காரர் எடை போட்டுத்தான் எடுப்பார். முடிவு பண்ற வரைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாதீங்க.

படி போச்சு, தரை போச்சு, பேப்பரும் இல்லன்னா, விட்டுடறதுதான் சரி. அந்தக் காரோட கியர்பாக்ஸ், ஹெட்லைட், கதவுக் கைப்பிடி எல்லாத்தையும் அதே மாடல் வண்டியை உயிரோட வச்சிருக்கிற ஒருத்தருக்குக் கொடுங்க. ஷெட்டுல துருப்பிடிச்சு நிக்கிறதை விட, இன்னொரு பத்மினியில ரோட்டுல ஓடட்டும்.