ஏழு நாளில் ஐந்து பார்க்கா? வேணாம் சாமி!

கோடை வந்தாச்சு. நம்ம மக்களும் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தாச்சு. ஏழு நாளில் கிராண்ட் கேன்யன், சயன், பிரைஸ், ஆர்ச்சஸ், யெல்லோஸ்டோன்! தெரியாமத்தான் கேக்கறேன், இது டூரா, ப்ராஜெக்ட் டெட்லைனா?

யெல்லோஸ்டோனுக்குள்ள சுத்துற கிராண்ட் லூப் ரோடு மட்டுமே 142 மைல். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்குப் பறவைன்னா சுமார் 10 மைல், கார்னா 200 மைலுக்கு மேல.

நானும் இப்படித்தான் ஊர்லேருந்து வந்த அப்பா அம்மாவை இழுத்துக்கிட்டு ஓடினேன். ஓல்ட் ஃபெயித்ஃபுல் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பொங்கும். காத்திருக்க நேரமில்லைன்னு கிளப்பிட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தார். அடுத்த தடவைக்கு அவர் முட்டி ஒத்துழைக்கணுமே?

ஒரே ஒரு பார்க் போங்க. உக்காந்து பாருங்க.