பிள்ளைகளின் நாட்குறிப்பும் பெற்றோரின் கடமையும்

ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் தஞ்சம் கோரிய ஈழத்தமிழர் பலர் ஒரே விதமான கேள்விகளுக்கு முகங்கொடுத்தவர்கள். வீட்டை விட்டு வெளியேறியது எந்தத் திகதி? அடுத்த ஊரில் எத்தனை நாட்கள் தங்கினீர்கள்? தடுத்து வைக்கப்பட்டது எந்த மாதம்? விசாரணை அதிகாரியின் முன்னால் அமர்ந்திருந்தவருக்கு எறிகணை விழுந்த ஓசை நினைவிருந்தது. பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்த வீதி நினைவிருந்தது. திகதி மட்டும் நினைவில் இருக்கவில்லை. முதல் விசாரணையில் கூறிய திகதியும் அடுத்த விசாரணையில் கூறிய திகதியும் முரண்பட்டமையே, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டதும் உண்டு. எழுதி வைக்கப்படாத ஒரு நாளின் விலை என்னவென்பதை நன்கறிந்த தலைமுறை இது.

ஆயினும் இதே தலைமுறையினரின் இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடையே நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அரிதாகவே காணப்படுகின்றது. நீச்சலுக்கு நேரம் உண்டு. பரதத்துக்கும் மிருதங்கத்துக்கும் நேரம் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்கும் நேரம் உண்டு. இரவில் ஒரு கொப்பியைத் திறந்து, அன்று நடந்ததைத் தன் சொற்களில் எழுதுவதற்குப் பத்து நிமிடங்கள் இல்லை. பேச்சுப்போட்டி மேடையில் பெரியவர் எழுதிக் கொடுத்த உரையைப் பிசகின்றி ஒப்புவித்துப் பரிசு பெறும் பிள்ளை, நேற்றுத் தான் செய்ததைத் தமிழில் மூன்று வரி எழுதத் தடுமாறுவதைப் பல பெற்றோர் கண்டிருப்பர். மனனம் செய்த தமிழ் மேடையோடு இறங்கிவிடுகின்றது. தன் வாழ்வை எழுதப் பயன்படும் மொழியே ஒருவரோடு நிலைத்து நிற்கும்.

நாட்குறிப்பு என்பது மேலைநாட்டார் வழக்கம் என்றும், தமிழருக்கு அது புதிது என்றும் எண்ணுவோர் உளர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 தொடக்கம் 1761இல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, ஆளுநர் மாளிகையில் பேசப்பட்டது, தெருவில் உலவிய வதந்தி ஆகிய யாவும் அதில் உண்டு. அது புலவர் நடையன்று. அக்காலத்தில் மக்கள் பேசிய தமிழை ஒட்டிய எழுத்து. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக மொழிபெயர்க்கப்பட்டு, தென்னிந்திய வரலாற்றை ஆராய்வோருக்கு அது இன்றியமையாத சான்றாயிற்று. இலக்கணச் சுத்தம் வாய்க்கும் வரை அவர் காத்திருந்தாரெனில் அந்த 25 ஆண்டுகளின் அன்றாட வாழ்வு இன்று எவருக்கும் தெரிந்திராது.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஆன் பிராங்க். உலகம் அவளை நாசிகளின் கொடுமைக்குப் பலியான யூதச் சிறுமியாக அறியும். அவள் ஓர் அகதிக் குடும்பத்தின் பிள்ளை என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1929இல் ஜேர்மனியில் பிறந்து, நான்கு வயதில் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தவள் அவள். 1942 யூன் 12ஆம் நாள், தனது 13ஆவது பிறந்தநாளில் நாட்குறிப்புப் புத்தகம் ஒன்றைப் பெற்றாள். அடுத்த மாதமே குடும்பம் தலைமறைவாயிற்று. 1944 ஓகஸ்டில் கைது செய்யப்படும் வரை அவள் எழுதினாள். 1945இல் பேர்கன் பெல்சன் முகாமில் இறந்தாள். அவள் எழுதிய மொழி பெற்றோரின் தாய்மொழியாகிய ஜேர்மன் அன்று. தான் பாடசாலையில் கற்ற டச்சு மொழி.

1944 மார்ச் மாதத்தில், இலண்டனிலிருந்து இயங்கிய நெதர்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். போர் முடிந்தபின் வரலாற்றை எழுதுவதற்கு அரச ஆவணங்கள் மட்டும் போதா. சாதாரண மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் வேண்டும் என்பதே அதன் சாரம். அதனைக் கேட்ட பின்னரே ஆன் தனது குறிப்புகளைச் செம்மைப்படுத்தி மீண்டும் எழுதத் தொடங்கினாள். போர் முடிந்ததும் அதற்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. இன்று அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்குறிப்புகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஈழத்தமிழரின் நிலை என்ன? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறியவர்கள் எடுத்துச் சென்ற பைகளில் கடிதக் கட்டுகளுக்கு இடமிருக்கவில்லை. 2009இல் வன்னியில் எஞ்சியிருந்தவையும் போயின. சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சித் தமது புகைப்படங்களையும் குறிப்புகளையும் தாமே எரித்தவர்களும் உண்டு. நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஒரு சமூகம், தன் வீட்டு மேசையில் ஒரு கொப்பிகூட எழுதப்படாமல் இருப்பதைக் கவனிக்காதிருத்தல் பொருந்துமா?

இங்கே பெற்றோர் மனங்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, நாட்குறிப்பு பிள்ளைக்கே உரியது. அதனை இரகசியமாக எடுத்து வாசிக்கும் பெற்றோர், மகனோ மகளோ தீய வழியில் செல்லாதிருக்கவே வாசிப்பதாகக் கூறுவர். அந்த அக்கறை உண்மையானது. ஆயினும் ஒருமுறை வாசிக்கப்பட்டதை அறிந்த பிள்ளை ஒன்றில் எழுதுவதை நிறுத்திவிடும். அன்றேல் பெற்றோர் விரும்புவதை மட்டும் எழுதும். இரண்டினாலும் பெற்றோர் அறிந்துகொள்ளப் போவது எதுவுமில்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என நியாயமான அச்சம் எழுமிடத்து நிலைமை வேறு. ஏனைய வேளைகளில் நேருக்கு நேர் கேட்பதே முறை. ஆன் பிராங்கின் தாள்களை எடுத்துவைத்த மீப் கீஸ் என்ற பெண்மணி அவற்றை வாசிக்காமலே மேசை இழுப்பறையில் பாதுகாத்தார். பின்னர் அவற்றை வாசித்த தந்தை ஒற்றோ பிராங்க், தம் மகளின் உள்ளத்தில் இத்தனை ஆழமான எண்ணங்கள் இருந்ததைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று பின்னாளில் கூறினார். மகளோடு மிக நெருக்கமாக இருந்த தந்தை அவர். ஒரே வீட்டில் வாழ்ந்தும் பிள்ளையை முழுமையாக அறியாதிருத்தல் எந்தத் தந்தைக்கும் நேரக்கூடியதே.

இரண்டாவது, மொழி. பிள்ளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நொர்வீஜிய மொழியிலோ எழுதினால் தமிழுக்கு என்ன பயன் எனச் சிலர் வினவுவர். வாழும் மொழியில் எழுதும் உரிமை பிள்ளைக்கு உண்டு. தமிழில்தான் எழுத வேண்டும் எனக் கட்டாயப்படுத்தினால் அக்கொப்பி இன்னொரு வீட்டுப்பாடமாகி மூன்றாம் நாளே மூடப்படும். நாளுக்கு ஒரு வரி தமிழில் எழுதினால் போதும் எனத் தொடங்கலாம். அம்மம்மா தொலைபேசியில் கூறிய சொல்லை அவ்வாறே எழுதச் சொல்லலாம். பிழை திருத்தும் சிவப்புப் பேனையை அக்கொப்பியின் அருகே கொண்டு செல்லலாகாது. எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குத் தமிழ்ப் பாடசாலை இருக்கின்றது.

தொடங்குவதும் கடினமன்று. பிறந்தநாளுக்கு ஒரு நல்ல கொப்பி வாங்கிக் கொடுத்தல் வேண்டும். திகதி, இடம், அன்று கண்ட ஒன்று, கேட்ட ஒன்று, மனத்தில் நின்ற ஒன்று என எழுதினால் போதும். எழுத மனமில்லாத நாளில் திகதியை மட்டும் இட்டுவிடலாம். கைபேசி இருக்கக் கொப்பி எதற்கு என இளையோர் கேட்கக்கூடும். சமூக வலைத்தளத்தில் இடப்படுவது பிறர் காண்பதற்கானது. அங்கே அழுகையும் அழகுபடுத்தப்படும். தனக்கு மட்டுமே எழுதும்போதுதான் பிள்ளை உண்மையை எழுதப் பழகுகின்றது. பாடசாலையில் தன் பெயரைப் பிழையாக உச்சரித்தபோது எழுந்த கூச்சத்தையும், இரு மொழிகளுக்கு நடுவே வளர்வதன் களைப்பையும் அது வேறெங்கே இறக்கி வைக்கும்?

எல்லாவற்றிலும் மேலாக, பெற்றோரும் எழுத வேண்டும். தந்தை தொலைக்காட்சியின் முன்னும் தாய் கைபேசியோடும் இருந்துகொண்டு பிள்ளையை மட்டும் எழுதச் சொல்வது பயன் தராது. ஊரின் பெயர், வீட்டுக் கிணற்றடி, படித்த பாடசாலை, வெளியேறிய நாள் ஆகியவற்றை அவர்கள் தமது கொப்பியில் எழுதட்டும். திகதி மறந்திருப்பின் உறவினரிடம் கேட்டு எழுதட்டும். ஒரே மேசையில் இரு கொப்பிகள் திறந்திருக்கும் வீட்டில், வெளியேறிய நாள் எதுவென்று பேரப்பிள்ளை கேட்கும்போது விடை தாளில் இருக்கும்.