"பழைய பதிப்புக்கே போயிடலாம் சார்"

கொஞ்சம் நீளமான பதிவு. நம் கல்வி உதவி நிதிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் நம் நிதிக் கணக்குப் புரோகிராம் இரண்டு நாள் படுத்துவிட்டது. ரசீது வரவில்லையே என்று குழுவில் கேட்டீர்கள். "புது வெர்ஷன் சரியில்லை, பழையதையே போட்டாச்சு" என்று பதில் போட்டோம். நீங்களும் கும்பிடு போட்டு விட்டுவிட்டீர்கள். அந்தப் பதில் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

புரோகிராம் 2011-ல் நான் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது. கணக்கெல்லாம் எஸ்க்யூலைட் என்ற லைப்ரரி மூலம் ஒரே கோப்பில் சேமிக்கப்படுகிறது. இதற்குத் தனியாக சர்வர் கிடையாது. நம் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எழுதும், படிக்கும். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதே லைப்ரரிதான் இருக்கிறது.

நிதிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே அதுவரையிலான இருப்பைக் காட்டும் அறிக்கை ஒன்று வேண்டும் என்று நினைத்தான். நல்ல யோசனை. அதை எளிதாக எழுத உதவும் 'விண்டோ ஃபங்ஷன்' வசதி எஸ்க்யூலைட்டில் 2018-ல் வந்த 3.25 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. நம்மிடம் இருந்ததோ 2011-ஆம் வருடத்து 3.7.9. ஆகவே பழைய டிஎல்எல் கோப்பை எடுத்துவிட்டு 3.45-ஐ வைத்தான். காலையில் 14 வரவுகளைப் பதிந்தான். ரசீது அச்சடிக்கப் போனால் முதல் ரசீதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள். இரண்டாவது ரசீதில் புரோகிராம் நின்றேவிட்டது. திரும்பத் திறந்தான், திரும்பவும் நின்றது.

"சார், பழைய பதிப்புக்கே போயிடலாம் சார். ஓடிக்கிட்டிருந்ததை நான்தான் தொட்டுட்டேன்" என்றான். நானும் சரி என்றேன். அன்று மாலைக்குள் ஆறு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பியாக வேண்டும். அவன் கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், பழைய டிஎல்எல் இருந்த இன்னொரு கணினியில் போட்டான். புரோகிராம் ஓடியது. ஆனால் காலையில் பதிந்த 14 வரவுகளையும் காணோம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது உங்கள் பணம்.

அன்றிரவு என் அக்கா மகளைக் கூப்பிட்டேன். அவள் பெங்களூரில் இதே மாதிரி வேலைதான் பார்க்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் 'வால்' என்று முடிகிற இன்னொரு கோப்பு இருக்கா?" இருந்தது. முதல் கணினியிலேயே இருந்தது. நம் புரோகிராம் 'வால்' முறையில் ஓடுகிறது. புதிதாகப் பதிவது முதலில் அந்தத் துணைக் கோப்பில் எழுதப்படும். பிறகுதான் முதன்மைக் கோப்புக்குள் போகும். புரோகிராமை முறையாக மூடினால் அது தானாக நடந்துவிடும். அன்று புரோகிராம் மூடப்படவே இல்லை, ஒவ்வொரு முறையும் விழுந்துதான் நின்றது. ஆகவே 14 வரவுகளும் துணைக் கோப்பில் பத்திரமாக இருந்தன. தம்பி முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்துப் போயிருந்தான். எல்லாக் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்ததும் பதினான்கும் வந்துவிட்டன. கோப்பின் நலத்தைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். 'ஓகே' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. கட்டணம் மறுநாள் காலை போனது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவள் விடவில்லை. "பழசு ஏன் ஓடுது, புதுசு ஏன் விழுதுன்னு தெரியாம எப்படி மாமா தூங்குவீங்க?" என்றாள். நான் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இரண்டு நாளில் காரணம் தெரிந்தது. பிழை எஸ்க்யூலைட்டில் இல்லை. நான் 2011-ல் எழுதிய ஒரு வரியில் இருந்தது.

கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். எஸ்க்யூலைட்டிடம் நன்கொடையாளர் பெயரைக் கேட்டால், அது பெயரை எழுதி நம் கையில் கொடுப்பதில்லை. பெயர் எழுதப்பட்டிருக்கும் இடத்தின் முகவரியைத்தான் கொடுக்கும். கரும்பலகையில் எழுதிவிட்டு, "அங்கே இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்" என்பதுபோல. அடுத்த வரிசைக்குப் போனாலோ அந்தக் கேள்வியை முடித்துவிட்டாலோ பலகை அழிக்கப்படலாம் என்று அதன் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் என்ன செய்திருந்தேன்? பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளாமல் கேள்வியை முடித்துவிட்டேன். பிறகு தொகைக்காக இன்னொரு கேள்வி கேட்டேன். அதற்குப் பிறகு திரும்பி அதே பலகையைப் பார்த்து ரசீதில் பெயர் எழுதினேன். பழைய பதிப்பில் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாததால் பெயர் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பில் அந்த இடத்தில் வேறு பாடம் எழுதப்பட்டுவிட்டது. இடைப்பட்ட வருடங்களில் எவ்வளவோ மாறியிருக்கிறது. சிறிய நினைவகத் துண்டுகளைப் பங்கிடும் முறைகூட 2020-ல் வந்த 3.31-ல் மாறியது.

இதை அவள் நிரூபித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எஸ்க்யூலைட்டின் அந்தச் சொந்தப் பங்கீட்டை நிறுத்திவிட்டு, வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் கீழ் நம் புரோகிராமை ஓட்டினாள். முதலில் புதிய பதிப்போடு. பிறகு பழைய பதிப்போடு. இரண்டிலும் ஒரே புகார்: 'விடுவிக்கப்பட்ட இடத்தைப் படிக்கிறாய்'. அதாவது நன்றாக ஓடுகிறது என்று நாம் நம்பிய அத்தனை வருடமும் பிழை அங்கேயேதான் இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரசீதில் பெயருக்குப் பின்னால் ஏதோ விசித்திரமான எழுத்து வந்தது. பிரிண்டர் கோளாறு என்று சொல்லி வேறு ரசீது போட்டுக் கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "ஓடுவதைத் தொடாதே" என்பது நம் ஊரில் வேதவாக்காகிவிட்டது. பாதி உண்மைதான் அது. கட்டணம் அனுப்பும் நாளில் டிஎல்எல்லை மாற்றியது தவறு. அந்த மட்டில் தொடாமல் இருந்திருக்கலாம். விழுந்ததும் அவசரத்துக்குப் பழைய பதிப்பைப் போட்டதும் தவறில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதுபோல. ஆனால் காரணம் தெரியாமல் பழைய பதிப்பிலேயே குடியிருப்பது நோயை மறைத்துவைப்பது.

எஸ்க்யூலைட் அடிக்கடி வாக்கு மாறுகிற லைப்ரரியும் இல்லை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மென்பொருளுக்காக வேலை செய்தபோது, டேட்டாபேஸ் சர்வர் நின்றால் தன் புரோகிராமும் நிற்கிறதே என்ற எரிச்சலில் பிறந்தது இது; முதல் பதிப்பு 2000-ல் வந்தது. 2004-ல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவத்தை இன்றைய பதிப்பும் படிக்கிறது. 2050 வரை ஆதரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். லைப்ரரியின் வரிகளைப்போல் சுமார் 590 மடங்கு வரிகள் அதைச் சோதிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதைச் சொல்கிறது.

ஆனால் அவர்கள் கொடுத்த வாக்கு கையேட்டில் எழுதியதற்குத்தான். தற்செயலாக நடந்துகொண்டிருந்ததற்கு அல்ல. வரிசைப்படுத்து என்று சொல்லாமலே பெயர்ப் பட்டியல் வரிசையாக வருகிறது என்று நம்பி எழுதியவர்கள் எத்தனையோ பேர். தேடும் முறை மாறினால் அந்த வரிசையும் மாறலாம். இதைக் கண்டுபிடிக்கவே, வரிசை கேட்காத பட்டியலைத் தலைகீழாகத் தரச்செய்யும் ஒரு கட்டளையை அவர்களே வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு முன் வாத்தியார் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்ப்பது மாதிரி.

லைப்ரரிப் பக்கம் மாற்றமே வராது, தவறே வராது என்று சொல்லமாட்டேன். 2018 டிசம்பரில் வந்த 3.26-ல் அட்டவணைப் பெயரை மாற்றும் கட்டளையின் நடத்தை மாறியது. அட்டவணைக்குப் பெயர் மாற்றினால், அதைச் சுட்டும் மற்ற அட்டவணைகளிலும் பெயர் மாறும். பழைய நடத்தையை நம்பியிருந்த ஜாங்கோ மென்பொருள் திடீரென்று இல்லாத அட்டவணையைத் தேடித் தடுக்கி விழுந்தது, 2.1.5 பதிப்பில் சரிசெய்தார்கள். பழைய நடத்தையே வேண்டும் என்பவர்களுக்கு எஸ்க்யூலைட்டிலும் ஒரு வழி வைத்தார்கள். ஆனால் அதே டிசம்பரில்தான் டென்சென்ட் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு 'மெகலன்' என்ற பெயரில் எஸ்க்யூலைட்டின் ஓட்டைகளை வெளியே சொல்லி, 3.26-க்கு மாறுங்கள் என்றது. சிலரைத் தடுக்கிவிட்ட பதிப்பே பலரைப் பாதுகாத்த பதிப்பும். பழையதிலேயே இருப்பவருக்கு ஆபத்து இல்லை என்று யார் சொன்னது?

திரும்பிப் போகிற கதவும் எப்போதும் திறந்திருக்காது. தம்பி அந்த விண்டோ ஃபங்ஷன் அறிக்கையை ஒரு 'வியூ'வாகக் கணக்குக் கோப்பிலேயே சேமித்திருந்தால், 3.7.9 அதைப் படிக்கத் தெரியாமல், கோப்பின் அமைப்பே கெட்டுவிட்டது என்று புகார் சொல்லியிருக்கும். அன்றிரவு எனக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும்.

இனி நிதிக் கணக்கில் நாங்கள் கடைப்பிடிக்கப்போகும் முறை இது. உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ இதேபோல் ஏதாவது ஓடினால் உங்களுக்கும் உதவும்.

1. மாற்றும் முன் முழு நகல். கோப்பை இழுத்துப் போடுவது போதாது. எஸ்க்யூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் புரோகிராமை மூடிவிட்டு, துணைக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். வேறு நகலின் துணைக் கோப்போடு முதன்மைக் கோப்பை ஜோடி சேர்த்தால் கணக்கே கெட்டுப்போகும்.

2. உண்மையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று புரோகிராமையே சொல்ல வைக்க வேண்டும். நாம் ஒன்றை மாற்றியிருப்போம். அது வேறு இடத்தில் கிடந்த பழைய டிஎல்எல்லை எடுத்துக்கொண்டிருக்கும். ஒரே புரோகிராமுக்குள் இரண்டு எஸ்க்யூலைட் புகுந்துவிட்டால் லினக்ஸில் ஒன்றின் பூட்டை மற்றது திறந்துவிடும் ஆபத்தும் உண்டு.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நகலின் மேல், வேலை இல்லாத வாரத்தில்.

4. நகலில் நிஜ வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும்: வரவு, ரசீது, ஆண்டறிக்கை. புரோகிராம் திறக்கிறது என்பது சோதனை ஆகாது.

5. விழுந்தால், அதே சோதனையைப் பழைய பதிப்பிலும் நினைவகச் சோதனைக் கருவியோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். யார்மேல் தவறு என்று அதற்குப் பிறகு பேசலாம்.

6. பத்து வருடம் சேர்த்துவைத்து ஒரே தாண்டாகத் தாண்டக் கூடாது. இனி ஆண்டுக்கு இருமுறை, கட்டணம் அனுப்பும் மாதங்கள் அல்லாத நாளில் மாற்றுவோம்.

புரோகிராமில் திருத்தம் மூன்றே இடங்களில், இடத்துக்கு ஒரு வரி. பெயரைக் கேட்டதும் முதலில் நம் நோட்டில் எழுதிக்கொள்வது. இப்போது புதிய பதிப்பில்தான் ஓடுகிறது. தம்பி கேட்ட இருப்பு அறிக்கையும் வருகிறது. அவன் எதையும் கெடுக்கவில்லை; என் பிழையை வெளியே கொண்டுவந்தான். குழுவில் அவனைக் கிண்டல் செய்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி அந்த வேண்டுகோள். சனிக்கிழமை மாலை வகுப்புகளில் இந்தப் புரோகிராமைத்தான் மாதிரியாகக் காட்டிப் பல வருடம் உங்களுக்குப் பாயிண்டர் சொல்லிக்கொடுத்தேன். "இப்படி எழுதினால் போதும்" என்று அந்த வரியைப் பலகையில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டவர்களில் சிலர் இன்று பெரிய இடங்களில் இருக்கிறீர்கள். உங்கள் பழைய நிரல்களைத் திறந்து ஒருமுறை பாருங்கள். லைப்ரரி கொடுத்த முகவரியை, அது விடுவித்த பிறகும் பயன்படுத்தும் வரி எங்காவது இருந்தால் திருத்திவிடுங்கள். உங்கள் மேலாளர் கேட்டால், வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று தாராளமாகச் சொல்லுங்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் மாத ரசீது இன்னும் வராதவர்கள் கீழே எழுதுங்கள். பெயர் சரியாக அச்சாகி வரும்.

அன்புடன்,
உங்கள் கணினி வாத்தியார்