நாட்டைப் பிளந்தவன் எவன்?

ஒன்றாய் வாழ்ந்த இஸ்ரவேலை யெரொபெயாம் என்னும் கலகக்காரன் இரண்டாக்கினான் என்று பள்ளி வேதவகுப்பில் ஓதினார்கள். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற என்போன்றோர் அதனை மனனஞ்செய்து ஒப்பித்தோம். இன்றும் அன்பர் சிலர் அதே பல்லவியைப் பாடுகின்றனர். வேறு சிலரோ, சாலொமோன் அந்நிய மாதரை மணந்து அந்நியத் தெய்வங்களை வணங்கியதற்குக் கடவுள் இட்ட தண்டனையே பிரிவினை என்பர். இருசாராரும் சான்று காட்டுவது இராஜாக்களின் முதலாம் புத்தகத்தையே. அந்நூலைக் கொண்டே இருவரையும் மறுக்கப் புகுகின்றேன்.

நூலைத் திறந்து பாருங்கள். ஆலயம் எழும்ப 7 ஆண்டு. அரசனின் மாளிகை எழும்ப 13 ஆண்டு. இஸ்ரவேலரில் 30,000 பேரை ஊழியத்துக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோன் மலைக்கு அனுப்பினான் சாலொமோன். ஒரு மாதம் மலையில். இரு மாதம் வீட்டில். செக்ரோல் எழுதிப் பழகிய கை இக்கணக்கைக் கண்டதும் கூட்டிப் பார்க்கின்றது. ஆண்டில் 4 மாதம் ஒவ்வொருவனும் தன் வயலைத் துறந்தான்! தீரு மன்னன் ஈராமின் ஆட்களுக்குக் கூலி பேசப்பட்டது. இஸ்ரவேலனுக்கோ கூலி என்ற சொல்லே அவ்விடத்தில் இல்லை. அரண்மனைப் பந்திக்கு நாளொன்றுக்கு 30 மாடு, 100 ஆடு. அதைத் தருவதற்கென நாடு 12 பகுதியாக்கப்பட்டது. அவற்றுள் அரசனின் சொந்தக் கோத்திரமான யூதா சேரவில்லை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். போதாக்குறைக்கு வடக்கே கலிலேயாவில் 20 ஊர்கள் ஈராமுக்கு ஈயப்பட்டன.

"இஸ்ரவேலரை அரசன் அடிமையாக்கவில்லை என 9-ஆம் அதிகாரம் கூறுகிறதே!" என்பார் உளர். ஐயா, 5-ஆம் அதிகாரம் இஸ்ரவேலர் அனைவரிடமும் ஆள் பிடித்ததைக் கூறவில்லையா? யோசேப்பின் வம்சத்தாருடைய ஊழியத்துக்கு யெரொபெயாமே மேற்பார்வையாளன் என 11-ஆம் அதிகாரம் கூறவில்லையா? பெயரை மாற்றினால் சுமை குறையுமோ?

கி.மு. 930-ஐ ஒட்டிச் சாலொமோன் மாண்டான். மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேமுக்கு வந்தான். கலகக்காரன் எனப்படுவோன் அப்போது எங்கே இருந்தான்? எகிப்தில் ஒளிந்திருந்தான், மக்களே ஆளனுப்பி அழைத்தனர். அம்மக்கள் கேட்டது யாது? பலிபீடத்தைப் பற்றி ஒரு சொல் உண்டா? அந்நியத் தெய்வத்தைப் பற்றி ஒரு முறையீடு உண்டா? இல்லை. நுகத்தை இலகுவாக்குக, உமக்கு ஊழியஞ் செய்வோம் என்பதே அவர்கள் வேண்டுகோள். பிரிய வந்தவர் பேசும் பேச்சா இது?

அரசன் மூன்று நாள் தவணை பெற்றான். முதியோர் இணங்கச் சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர் உறுமச் சொன்னார்கள். அவன் உறுமினான், தந்தையின் சாட்டையினும் தன் ஆட்சி கொடிதாகும் என்றான். மக்கள் கலைந்தபின் யாரைத் தூதனுப்பினான்? கட்டாய ஊழியத் தலைவன் அதோராமை! புண்ணுக்கு மருந்து கேட்டவனிடம் புண் செய்தவனையே அனுப்பிய மதியூகம் இது. அதோராம் கல்லடியில் மாண்டான். அரசன் இரதமேறி எருசலேமுக்கு ஓடினான். வடகோத்திரங்கள் தனியரசாயின.

யெரொபெயாமைத் தியாகியாக்க யான் வரவில்லை. குடிகள் எருசலேமுக்குப் போகாதபடி பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தியவன் அவன். பிரிவு நன்மை பயந்தது என்றும் சொல்லேன். கி.மு. 722-ஐ ஒட்டி வடநாடு அசீரியரிடம் வீழ்ந்தது, கி.மு. 586-ஐ ஒட்டி யூதா பாபிலோனியரிடம் வீழ்ந்தது. ஒற்றுமை அரும்பொருள்தான். ஆனால் சுமந்தவன் "குறையுங்கள்" என்று கேட்ட நாளில் செவிசாய்க்க மறுத்தவனை விடுத்து, கேட்டவனை நாட்டைக் குலைத்தவன் என்பது என்ன நீதி?

ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்திய மன்னன் சீஷாக் படையெடுத்து, சாலொமோன் செய்த பொற்கேடயங்களை வாரிச் சென்றான். மகன் அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடயங்களைச் செய்து, தான் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் ஏந்திவரச் செய்தான். குடிகளின் முதுகில் ஏற்றிச் சேர்த்த பொன் ஒரே படையெடுப்பில் போயிற்று. நுகத்தைச் சிறிது தளர்த்தியிருந்தால், அதைக் காக்கப் பத்துக் கோத்திரங்கள் நின்றிருக்குமன்றோ!