“இனிமேல் அது எதற்கு?”

“பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாச்சு. இனிமேல் அது எதற்கு? எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.”

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் அதிக ரத்தப்போக்கால் அவதிப்படும் பெண்ணிடம் நம் ஊரில் முதலில் சொல்லப்படும் வாசகம் இது. டாக்டர் சொல்வதற்கு முன்பே மாமியார் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார், பக்கத்து வீட்டு அம்மாள் சொல்கிறார். அதாவது என் வயதுக்காரர்களாகிய நாம்தான் சொல்கிறோம். இந்த வாசகம் தவறு என்று எடுத்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எழுபதைத் தாண்டியவளுக்கு இனி என்ன கூச்சம்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். ‘மெனோபாஸ்’ என்பதைப் பலர் ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறார்கள். அதை 1821-ல் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே வைத்தவர் கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர். கிரேக்க மொழியிலிருந்து எடுத்துக் கோத்த சொல். அர்த்தம், மாதவிடாய் நிற்பது. அவ்வளவுதான். அது நோயின் பெயர் அல்ல. தானாகவே நிற்கப்போகிற ஒன்றின் பெயர்.

நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில்தான் தொல்லை. சினைப்பையிலிருந்து மாதாமாதம் முட்டை வெளிவருவது தவறிப்போகிறது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக வேலை செய்து, கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக வளர்த்துக்கொண்டே போகிறது. பிறகு அது ஒருநாள் உடைந்து கொட்டுகிறது. நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, உள்பக்கமாக இருந்தால் இன்னும் அதிகம். ‘பெரும்பாடு’ என்று நம் முன்னோர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அந்த நார்க்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அவை ஹார்மோனைத் தின்று வளர்பவை. மாதவிடாய் நின்று ஹார்மோன் குறைந்தால் அவையும் சுருங்கும். ஆக, பலருக்கு இது சில வருடங்களைக் கடக்கும் பிரச்சினை. ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிற ஊழியரை டிஸ்மிஸ் செய்வார்களா? எங்கள் ஆபீசில் அப்படி ஒரு நோட் போட்டிருந்தால் மேலதிகாரி கோப்பைத் தூக்கி எறிந்திருப்பார். கர்ப்பப்பை விஷயத்தில் மட்டும் அதே நோட் மறுபேச்சில்லாமல் கையெழுத்தாகிறது.

கடக்க வழிகள் உண்டா? உண்டு. கத்தி எடுப்பதற்கு முன் இத்தனை இருக்கின்றன.

1. ரத்தப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. இது ஹார்மோன் அல்ல. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் 1960-களில் கண்டுபிடித்தது. ரத்தப்போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும்.

2. உடம்பு சுரக்க மறந்த புரோஜெஸ்டிரோனுக்குப் பதிலாக நாரெதிஸ்டிரோன் போன்ற ஹார்மோன் மாத்திரைகள்.

3. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும், T வடிவச் சிறு சாதனம். கர்ப்பப்பைக்குள் பொருத்திவிட்டால் சுமார் ஐந்து வருடம் வேலை செய்யும். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுத் துளித்துளியாகப் படும். அதற்குப் பயந்து எடுத்துவிடக் கூடாது. போகப்போக ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். விலை சில ஆயிரம் ரூபாய். ஐந்து வருடத்திற்குப் பங்கிட்டுப் பாருங்கள். கட்டியால் கர்ப்பப்பையின் உள்ளறை கோணிப்போயிருந்தால் மட்டும் இது சரியாக நிற்காது.

4. ஆர்மிலாக்ஸிஃபீன் மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் உருவாக்கியது. ‘சஹேலி’ என்ற கருத்தடை மாத்திரையாகத்தான் பெயர் பெற்றது. அதே மருந்தை அதிக ரத்தப்போக்குக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள்.

எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவராது. ரத்தம் உறைந்த வரலாறு, ஈரல் கோளாறு, மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சில மருந்துகள் கூடாது. அதைத் தீர்மானிக்கத்தான் டாக்டர்.

“ஐயோ, ஹார்மோனா? கேன்சர் வரும்” என்று அடுத்த குரல் எழும். 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்ட செய்திதான் இந்தப் பயத்தைப் பரப்பியது. அது மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு. ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் சிகிச்சை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மாத்திரைக்குப் பயந்து கத்திக்குத் தலையை நீட்டுகிறோம்.

நான் பணியில் இருந்த காலத்தில் மருத்துவச் செலவு கோரும் பில்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். கர்ப்பப்பை நீக்கிய பில்களில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதற்கு முன் மூன்று மாதமாவது ஏதேனும் மருந்து கொடுத்துப் பார்த்ததற்கு ஒரு சீட்டும் இல்லாதவை பல. கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. கூட்டல் சரியா என்று பார்ப்பதுதான் குமாஸ்தா வேலை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள்ளேயே நூற்றில் மூன்று பெண்களுக்கு மேல் கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேரில் 13,000-க்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது 2019-ல் வெளிவந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயத்தை நாம் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துவைக்கிறோம்!

எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார்களே, அந்த நிம்மதியின் கணக்கையும் பார்ப்போம். வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரமாவது பளு தூக்கக் கூடாது. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் வீடுகள் பலவற்றில் அந்த இரண்டாவது ஆள் மனைவிதான். அவள் படுத்தால் தறியும் படுக்கும். “கூடவே இருக்கட்டும்” என்று சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பு தேய்வதும் இதய நோயும் முன்கூட்டியே வர வாய்ப்பு அதிகம். சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் பருவம் சில வருடம் முன்னதாக வரலாம்.

டாக்டர்கள் எல்லோரும் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் என்றால், கட்டி மிகப் பெரிதென்றால், மருந்துகள் பலன் தரவில்லை என்றால் ஆபரேஷன் உயிர் காக்கும். விவரம் எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பெண் தானே ஆபரேஷன்தான் வேண்டும் என்றாலும் அது அவள் உரிமை. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்பதும் என் வாதம் அல்ல. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. அதன்மேல் மாதத்துக்குப் பத்து நாள் கொட்டினால் உடம்பு என்ன ஆகும்?

ஆகவே மகளுடனோ மருமகளுடனோ ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தாயிற்றா? நாற்பத்தைந்தைத் தாண்டியவள் என்றால், உள்சவ்வில் துளி எடுத்துப் பரிசோதித்தாயிற்றா? மருந்தோ ஹார்மோன் சாதனமோ இவளுக்கு ஒத்துவருமா, வராதென்றால் ஏன்? சினைப்பையை எடுக்கப் போகிறீர்களா? பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே காட்ட வேண்டும். நம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

“இனிமேல் அது எதற்கு?” என்ற கேள்வியை இனி அவளிடம் கேட்க வேண்டாம். “ஆபரேஷன் எதற்கு?” என்று டாக்டரிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.